பாட்டி வீட்டுச் செம்மண் சாலைக்கு எந்தக் கார்?

பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். நம்மவர் வாயில் இன்னும் பழைய பெயர்தான். இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு தொடங்கியது. தொடக்கியவர் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தோட்டத்துக்கு வாய்த்ததோ தமிழ்ப் பெயர்.

போன தீபாவளிக்கு இந்தப் பக்கத் தோட்டம் ஒன்றில், பாட்டி வீட்டுக்கு அரை மைல் முன்பே என் பழைய கார் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. டேங்கில் முக்கால்வாசி பெட்ரோல் இருந்தது.

இப்போது மின்சார எஸ்யூவி வாங்கப் பார்க்கிறேன். மச்சானோ, "ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் எடு, வழியில் சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வாய்?" என்கிறார். அந்த வகையில் பெட்ரோல் எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றாது. மின்சாரம் உண்டாக்கித் தரும், அவ்வளவே.

கணக்குப் பார்த்தோம். கோலாலம்பூரிலிருந்து போய், தோட்டங்களைச் சுற்றி, இரவு கம்போங் குவாந்தான் மின்மினிகளையும் பார்த்துத் திரும்ப 200 கிலோமீட்டர் ஆகாது. புரோட்டோன் இ.மாஸ் 7-இன் சிறிய பேட்டரிக்கே அறிவித்த தூரம் 345 கிலோமீட்டர். சேறும் ஏர்கோனும் கொஞ்சம் தின்றாலும் மிச்சமிருக்கும்.

ஆனால் அது முன்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி. மழைக்குப் பின் செம்பனை லாரிகள் உழுத தடத்தில் கைகொடுப்பவை நான்கு சக்கர இழுவை, நல்ல டயர், தரையிலிருந்து உயரம். வண்டியின் எடையையும் கேளுங்கள்.

நாள்கணக்கில் காடு சுற்றுபவருக்கு ஜெனரேட்டர் துணை. பாட்டியைப் பார்த்துவர, வீட்டில் ஏற்றிய சார்ஜே போதும்.