ரியாத் நகரம் உண்டாக்கிய ஆறு

ரியாதுக்கு வடமேற்கே துவைக் மலைமேட்டில் தொடங்குகிறது வாதி ஹனீஃபா (அரபியில் வாதி என்றால் பள்ளத்தாக்கு). நகரத்தின் மேற்கு விளிம்பை ஒட்டி இறங்கித் தென்கிழக்குப் பாலைவனத்தில் போய் அடங்குகிறது. நீளம் சுமார் 120 கிலோமீட்டர். 4,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலத்தில் விழும் மழைக்கு இதுதான் வடிகால். மழை என்று பார்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். அதுவும் ஒருசில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும்.

மேற்பகுதியில் ஆற்றின் தடம் உண்டு, நீர் இல்லை. உயைனா, ஜுபைலா ஊர்களை ஒட்டி மணலும் சரளையும் நிறைந்த அகன்ற படுகை, வெளிர்மஞ்சள் சுண்ணாம்புக்கல் மேடுகள், பேரீச்சைத் தோப்புகள், குடைபோல் விரிந்த வேல மரங்கள். இடையே வரும் அல் இல்ப் அணை வெள்ளத்தை மறித்து மெல்ல மண்ணுக்குள் இறக்குகிறது. தோப்புக் கிணறுகள் உயிரோடிருப்பது அந்த நீரால்தான்.

அடுத்து திரிய்யா. முதல் சவூதி அரசின் தலைநகர். 1818இல் இப்ராஹிம் பாஷாவின் படை அதை அழித்தது. மண்சுவர் மாளிகைகள் நிற்கும் துரைஃப் பகுதி 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சுற்றுலா வருபவர்களில் பெரும்பாலோர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். வாதியின் உண்மையான அதிசயம் இதற்குத் தெற்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

திரிய்யாவைக் கடந்தால் படுகையோரமாக நடைபாதை தொடர்கிறது. வழியெங்கும் கற்பலகைகளை நட்டுத் தடுத்த சிறுசிறு இடங்கள். வெள்ளிக்கிழமை மாலையில் ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம் பாய் விரித்து, கஹ்வா எனும் அரபுக் காபியும் பேரீச்சம்பழமுமாக உட்கார்ந்திருக்கும். நமார் கிளை ஓடையில் அணைக்குப் பின்னால் ஒரு ஏரி உண்டு, அதன் கரையிலும் நடக்கலாம். இன்னும் தெற்கே போனால் நீரின் சத்தம் கேட்கத் தொடங்கும்.

பாலைவனத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் இந்த நீரில் பெரும்பங்கு வளைகுடாக் கடலிலிருந்து வந்தது. கடற்கரையிலுள்ள ஜுபைல் போன்ற இடங்களில் உப்பு நீக்கப்பட்டு, 400 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் பயணம் செய்து, கடல்மட்டத்துக்கு 600 மீட்டர் உயரத்திலுள்ள ரியாதுக்கு ஏறி வருகிறது. அடுக்களையிலும் குளியலறையிலும் பயன்பட்டபின் சுத்திகரிப்பு நிலையம் வழியாக ஒரு பங்கு வாதிக்குள் இறங்குகிறது. கசியும் குழாய்களாலும் தோட்டப் பாசனத்தாலும் நகரின் நிலத்தடி நீர் ஏற, அதை இறைத்து வெளியேற்றுவதும் இங்கேதான். ரியாதின் பத்தா கடைவீதியை ஒட்டி அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம்மூர்க்காரர் அரிசி களைந்த தண்ணீருக்கும் இந்த ஆற்றில் பங்குண்டு.

நகரம் வீங்கிய காலத்தில் வாதி பட்ட பாடு கொஞ்சமல்ல. கட்டடம் கட்ட மணலையும் சரளையையும் அள்ளினார்கள். இடித்த கட்டடத்தின் கழிவை அந்தப் பள்ளத்திலேயே கொட்டினார்கள். தேங்கிய கழிவுநீர் நாறியது. 2001இல் மீட்புத் திட்டம் வந்தது. குப்பையை வாரி, படுகையைச் சமன் செய்து, வெள்ளம் தங்குதடையின்றிப் போக வழிவிட்டார்கள்.

நான் மிகவும் மதிப்பது அதற்குப்பின் செய்ததை. நீரை மூடிய கால்வாயில் ஒளிக்காமல், வெயிலில் திறந்தவெளியிலேயே ஓடவிட்டுச் சுத்தம் செய்தார்கள். கல் அடுக்கிய தாழ்வான தடுப்பணைகளில் விழுந்து விழுந்து நீர் காற்றைக் குடிக்கிறது. அடுத்தடுத்த குட்டைகளில் கற்கள்மேல் படியும் நுண்ணுயிர்களும் பாசியும் அழுக்கைத் தின்கின்றன. அவற்றைப் பூச்சிகளும், நாம் ஜிலேபி என்று அழைக்கும் மீனும் தின்கின்றன. ரசாயனம் கலப்பதில்லை. 2010இல் இந்தத் திட்டத்துக்குக் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது கிடைத்தது.

தெற்கே அல் ஹாயிர் பக்கம் வாதி அகன்று, ஆளுயரத்துக்கும் மேலான நாணல் காடாகிறது. தாழைக்கோழி, வக்கா, மீன்கொத்தி, வலசை வரும் கதிர்க்குருவிகள். கொதிக்கும் பாலையைக் கடக்கும் பறவைக்கு இந்த நாணல் எத்தனை பெரிய ஆதரவு! கழிவுநீரைச் சுமை என்று மட்டும் எண்ணியிருந்தால் இவற்றில் ஒன்றும் இங்கே இருந்திருக்காது. அதற்கப்பால் அல் கர்ஜ் பக்கம் வாதி சஹ்பா பள்ளத்தாக்கோடு சேர்கிறது. நீர் வயலிலும் மணலிலும் தீர்ந்துபோகிறது.

ரியாதில் இருப்பவர்கள் நவம்பர் முதல் மார்ச் வரையிலான ஒரு விடுமுறை நாளில், விடியற்காலையில், ஹாயிர் வரை போய்வாருங்கள். கொண்டுபோகும் பிளாஸ்டிக்கை நாணலில் விட்டுவராதீர்கள். துவைக் பக்கம் மேகம் கறுத்திருந்தால் படுகைக்குள் இறங்கவே வேண்டாம். உங்கள் தலைமேல் ஒரு துளி விழாவிட்டாலும், மேலே பெய்த மழை வெள்ளமாக வந்து சேரும்.