ஒன்பது கோடு

நண்பர் ஆசையாசையாக வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் சில மாதங்களிலேயே நடுங்கத் தொடங்கிவிட்டது. 90 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் ஸ்டீயரிங் அதிர்கிறது. வேகத்தில் பிரேக் பிடித்தால் மிதி காலைத் திருப்பி உதைக்கிறது. வாங்கிய இடத்தில் வீல் பேலன்சிங் செய்தார்கள், அலைன்மென்ட் பார்த்தார்கள். அதற்கும் அடங்காததால், முன்பக்கத்து பிரேக் டிஸ்க் இரண்டையும் பேடுகளோடு மாற்றிவிடலாம் என்றார்கள். தேய்கிற உதிரி என்பதால் வாரண்டி கிடையாதாம். சொன்ன தொகை லட்சத்தைத் தாண்டியது. “கோவை கணபதியில ஒருத்தர் இருக்கார், பார்த்துட்டு வரலாம் வாங்க” என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்.

கோவைக்கும் பந்தயக் காருக்கும் பழைய உறவு. மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கிய கரிவரதன் இந்த ஊர்க்காரர். 1995-இல் விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையம் பக்கத்துப் பந்தயப் பாதைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 2005-இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான். ஓட்டியவர்களை ஊருக்கே தெரியும். அந்த வண்டிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தவர்களை யாருக்கும் தெரியாது.

நாங்கள் பார்க்கப் போனவர் அப்படிப்பட்ட ஒருவர். வயது அறுபதை நெருங்குகிறது. ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டு லேத் பட்டறையில் சேர்ந்தவர். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த கடைசிக் காலத்தில், ஒரு குழுவோடு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற பையனாக லாரியேறிப் போயிருக்கிறார். இப்போது தகரக் கூரை போட்ட பட்டறையில் ஒரு லேத்தும் ஒரு லிஃப்டும் வைத்திருக்கிறார், உதவிக்கு ஒரு பையன்.

வண்டியை அவர் தொடவேயில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கேள்வி கேட்டார். நடுக்கம் எந்த வேகத்தில் வருகிறது, 120-க்கு மேல் குறைகிறதா? ஸ்டீயரிங்கில் தெரிகிறதா, சீட்டிலா? பிரேக் சூடானால் கூடுகிறதா? டெலிவரிக்கு முன் வண்டி யார்டில் எத்தனை நாள் நின்றது? ஊட்டிக்குப் போனீர்களா? “முதல்ல கேக்கோணுங்க. கழட்டறது அப்புறம்.”

ஸ்டீயரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கரம், சீட்டில் தெரிந்தால் பின்சக்கரம். 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 14 முறை சுற்றுகிறது. சஸ்பென்ஷனின் இயல்பான அதிர்வும் ஏறக்குறைய அதே கணக்கில் இருப்பதால் நடுக்கம் அங்கே உச்சத்துக்குப் போகிறது. நண்பர் ஒரு வியாதி என்று நினைத்துக்கொண்டு வந்தார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவிநாசி சாலையில் ஒரு சுற்றுப் போய்வந்த பிறகு மெக்கானிக் சொன்னார்: “ரெண்டு இருக்குதுங்க. ஓடறப்ப வர்றது சக்கரம். மிதிக்கறப்ப வர்றது டிஸ்க்கு. அலைன்மென்ட் தப்பாயிருந்தா வண்டி ஒரு பக்கமா இழுக்கும், டயர் தேயும். நடுங்காதுங்க.”

சக்கரக் கதை சீக்கிரம் முடிந்தது. ஏதோ குழியில் இறங்கி, ரிம்மின் உள்பக்க விளிம்பு நெளிந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பேலன்சிங் மெஷின் எடையை மட்டும்தான் பார்க்கும். ஈயக்கட்டி ஒட்டிப் பூஜ்ஜியம் காட்டிவிடும், சக்கரம் வட்டமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கேம்பர், கேஸ்டர் என்று அவர் தொடர்ந்து விளக்கிய கணக்கு எனக்கு ஏறவில்லை. அதை விட்டுவிடுகிறேன்.

டிஸ்க்குக்கு வந்தபோது மரப்பெட்டியிலிருந்து ஒரு டயல் கேஜை எடுத்தார். மிடுடோயோ, ஜப்பான் சரக்கு. பல வருடங்களுக்கு முன் உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் கண்ணாடி உடைந்து கிடந்ததை வாங்கிச் சரிசெய்தாராம். முகப்பில் ஒரு கோடு என்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. வழக்கமாக இதைக் காந்தத்தில் நிறுத்துவார்கள். இந்த ஸ்போர்ட்ஸ் காரில் சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் அலுமினியம், காந்தம் பிடிக்காது. அதற்காகத் தன் லேத்திலேயே ஒரு கிளாம்ப் கடைந்து வைத்திருக்கிறார். வீல் போல்ட்டுகளை வாஷர் வைத்து டார்க் ரெஞ்சால் முடுக்கி, டிஸ்க்கை அது உட்காரும் ஹப்போடு இறுக்கிய பிறகுதான் கேஜின் முனையை வைத்தார். பையன் டிஸ்க்கைக் கையால் மெல்லச் சுற்றினான். முள் போனது, வந்தது. ஒன்பது கோடு.

ஒன்பது கோடு என்றால் தலைமுடி ஒன்றின் தடிமன். ஐந்துக்குள் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. டிஸ்க்கைக் கழற்றி, ஹப்பின் முகத்தை மட்டும் அளந்தார். அங்கேயும் முள் ஆடியது. துருவும் பிசிறுமாக ஓர் ஓரத்தில் படிந்திருந்தது. ஹப்பில் கொஞ்சம் ஆடினால், அகலமான டிஸ்க்கின் விளிம்பில் அது இன்னும் பெரிதாகும். போதாததற்கு ஏர் கன்னால் போல்ட்டுகளைக் கண்டபடி முடுக்கியிருந்தார்கள்.

இந்தக் கோணல் முதல் நாளே காலில் தெரியாது. பிரேக் பிடிக்காமல் ஓடும்போதும், மேடான இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேடை உரசிப் போகும். சில ஆயிரம் கிலோமீட்டரில் டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடும். மைக்ரோமீட்டரில் இரண்டு கோடு வித்தியாசம் இருந்தாலே மிதி துடிக்கும். சூட்டில் டிஸ்க் வளைந்துவிட்டது என்று எல்லோரும் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஊட்டிக்கும் பங்கிருந்தது. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை நம்பியே இறங்கி, கொதிக்கிற டிஸ்க்கை மிதியால் அழுத்திப் பிடித்தபடி வண்டியை நிறுத்தினால், பேடின் பொருள் அந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

ஹப்பைச் சுத்தம் செய்து, டிஸ்க்கை ஒரு துளை தள்ளி மாட்டிப் பார்த்தார். முள் மூன்று கோட்டில் நின்றது. டிஸ்க்கில் பொறித்திருந்த குறைந்தபட்சத் தடிமனுக்கு இன்னும் நிறைய மிச்சமிருந்ததால், லேத்தில் மெல்லியதாகக் கடைந்து சமன்செய்தார். மறுபக்கத்துக்கும் அதே வைத்தியம். புதிதாக ஒரு உதிரியும் வாங்கவில்லை. கூலி 2,500 ரூபாய்.

எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். லட்ச ரூபாய் டிஸ்க்கை அதே துருப்பிடித்த ஹப்பில் மாட்டியிருந்தால், சில மாதங்களில் அதே நடுக்கம் திரும்பியிருக்கும். அப்போது இன்னொரு ஜோடி விற்றிருக்கும். உதிரி விற்றால் லாபம், விற்க வைத்தவருக்கு ஊக்கத்தொகை. நோயைக் கண்டுபிடித்தவருக்குப் பில்லில் ஒரு வரிகூட இல்லை. இவரிடமும் உதிரிக்கடை ஏஜென்டுகள் கமிஷன் பேசியிருக்கிறார்கள். மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தால் போதுமாம். அளந்து பார்ப்பவருக்கு அரை நாள் கூலி, அளக்காமல் மாற்றச் சொல்பவருக்குப் பங்கு என்று ஒரு தொழில் நடந்தால், அளக்கக் கற்றுக்கொள்ள எந்தப் பையன் வருவான்?

“கண்டுபிடிச்சதுக்குன்னு தனியா வாங்கக் கூடாதுங்களா?” என்றேன்.

“கேட்டா, ‘அப்படி என்னத்த மாத்துனீங்க’ம்பாங்க.”

கேள்வியை நாம் திருப்பிப் போட வேண்டும். டிஸ்க் மாற்றச் சொல்லும் எவரிடமும் இரண்டு அளவை எழுதித் தரச் சொல்லுங்கள்: டிஸ்க் எத்தனை கோடு ஆடுகிறது, தடிமனில் எத்தனை கோடு வித்தியாசம். கூடவே டிஸ்க்கைக் கழற்றி ஹப்பையும் அளந்தார்களா என்றும் கேளுங்கள். அளந்ததற்கு அவர்கள் தனியாகக் கூலி கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள். எழுதித் தர முடியாது என்றால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.