நாலு டின் பால் பவுடர்

பிறக்கப்போகும் குழந்தைக்கு எதையும் முன்னாடியே வாங்கி வைக்கக் கூடாது என்பது நம் பாட்டிகள் சட்டம். இப்போது தொட்டில், டயப்பர் எல்லாம் ஏழாம் மாசமே வந்துவிடுகிறது. என் அண்ணன் மாப்பிள்ளை ஒரு படி மேலே போய், "நாலு டின் பால் பவுடரும் வாங்கி வெச்சுடட்டுமா மாமா? ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தை அழுதா எங்கே ஓடறது?" என்றார்.

நியாயமான பயம்தான். ஆனால், கணக்கைப் பாருங்கள். முதல் நாள் ஒரு வேளைக்குக் குழந்தைக்குத் தேவை ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு டீஸ்பூன் சீம்பால். நன்றாகப் பால் இறங்க இரண்டு மூன்று நாளாகும். அதற்குள் "பால் பத்தலை" என்று வீடே தீர்ப்பு சொல்லிவிடும். அலமாரியில் டின் இருந்தால் கை தானாகப் போகும். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். புட்டி பங்குக்கு வந்தால் ஊறுவது குறையும். பால் பவுடருக்கு விளம்பரமும் இலவச சாம்பிளும் கூடாது என்று 1992-லேயே சட்டம் வந்தது சும்மா இல்லை.

டின் ஒன்றும் விஷமில்லை. சில குழந்தைகளுக்கு அது வேண்டியிருக்கும். டாக்டர் சொன்னால் கூச்சப்படாமல் கொடுங்கள். அந்தத் தாயைக் குத்திக்காட்டாதீர்கள். எந்த வகை என்பதையும் அவரே சொல்வார். குறைமாதக் குழந்தைக்கு வேறு பவுடர். நாலு டின்னும் வீணாகலாம்.

ராத்திரியில் திறந்திருக்கும் மெடிக்கல் ஷாப் எது என்று இப்போதே விசாரித்து வையுங்கள், போதும். ஐந்தாம் நாளுக்கு மேல் தினம் ஆறு தடவையாவது துணி நனைந்து, எடையும் ஏறினால், பால் பத்துகிறது என்று நிம்மதியாகத் தூங்கலாம். குழந்தை விட்டால்!