அப்பாவுக்கு ஒரு பெரிய கப் காபி

அப்பா எங்கள் வீட்டுக்கு நிரந்தரமாக வந்தபோது இரண்டு பெட்டியும் ஒரு தோள்பையும்தான் கையில் கொண்டு வந்தார். நியூ ஜெர்ஸியில் நாற்பது வருஷம் இருந்த வீட்டை விற்றாச்சு. மற்ற சாமான்கள் அட்டைப்பெட்டிகளில் பின்னால் லாரியில் வந்தன. தோள்பைக்குள் மட்டும் பழைய வேட்டியில் சுற்றி ஏதோ இருந்தது. பிரித்துப் பார்த்தால் அம்மாவின் எவர்சில்வர் காபி ஃபில்டர்.

"பெட்டியில போட்டா நசுங்கிடும்னு கையிலயே எடுத்துட்டு வந்தேன்" என்றார்.

அம்மா போய் அப்போது நாலு மாதம் ஆகியிருந்தது.

இந்த மிச்சிகன் குளிரில் அந்த ஃபில்டரை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உண்மையைச் சொன்னால், அதில் எப்படிக் காபி போடுவது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. அப்பா 1974-ல் இந்த நாட்டுக்கு வந்தவர். பாலங்களுக்குக் கணக்குப் போட்ட எஞ்சினியர். நாற்பத்தேழு வருஷக் குடித்தனத்தில் ஒரு நாள்கூட அவர் காபி போட்டதில்லை. நான் இங்கேயே பிறந்தவள். காலேஜ் போன நாளிலிருந்து காகிதக் கப்பில் வாங்கிக் குடித்தே பழக்கம். "வா, நின்னு பாரு, கத்துக்கோ" என்று அம்மா கூப்பிட்டபோதெல்லாம் "அப்புறம்மா" என்றே சொல்லியிருக்கிறேன்.

ஃபில்டரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மேல் பாத்திரத்தின் அடியில் ஓட்டை இருக்கும். அதில் பொடி போட்டு, குடையை வைத்து லேசாக அழுத்தி, வெந்நீர் ஊற்றி மூடிவிட வேண்டும். கீழ் பாத்திரத்தில் டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும். அம்மாவின் டிகாஷனைப் பாட்டி "கள்ளிச்சொட்டு மாதிரி" என்பார். அந்தக் கருப்பும் கெட்டியும் ஞாபகம் இருக்கிறது, எத்தனை ஸ்பூன் என்பது இல்லை.

முதல் இரண்டு மாதம் எப்படியோ ஓடியது. அப்பாவுக்கு ஒரு நாளைக்கு மூன்று காபி, காலை 6 மணிக்கு, 11 மணிக்கு, சாயங்காலம் 4 மணிக்கு. அவருடைய டம்ளர் சின்னது. 150 மில்லி பிடித்தால் அதிகம். குத்துமதிப்பாகப் பொடி போட்டு, சர்க்கரையைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுக் கொடுத்துவிடுவேன். சின்ன டம்ளரில் தப்பு அவ்வளவாகத் தெரியாது. நாலு மடக்கில் முடிந்துவிடும். குடித்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவார்.

ராத்திரியில்தான் பிரச்னை. இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் ஹால் விளக்கு எரியும். அப்பா சோபாவில் சும்மா உட்கார்ந்திருப்பார். "தூக்கம் வரலம்மா, நீ போய்ப் படு" என்பார். டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் பல விஷயம் கேட்டுவிட்டு, கடைசியில் காபிக் கணக்கைக் கேட்டார். காஃபீன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே பெரியவர்களுக்குச் சுமார் 5 மணி நேரம் ஆகும். அப்படியானால் 4 மணிக்குக் குடித்ததில் பாதி ராத்திரி 9 மணிக்கும் உள்ளே இருக்கும். மத்தியானத்துக்கு மேல் காபியே வேண்டாம், மொத்தத்தையும் குறையுங்கள் என்றார்.

காரில் திரும்பும்போது அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னார்: "சரி. காலையில ஒண்ணே ஒண்ணு போதும். ஆனா பெரிசா போட்டுக் குடு."

அலமாரியில் இருந்த பெரிய மக் ஒன்றை எடுத்து வைத்தேன். 12 அவுன்ஸ், அதாவது 355 மில்லி. இதிலென்ன கஷ்டம், இன்னும் கொஞ்சம் தண்ணீர், இன்னும் கொஞ்சம் பால், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

முதல் நாள் அதே அளவு பொடியில் இரண்டு மடங்கு வெந்நீர் ஊற்றினேன். டிகாஷன் நிறைய வந்தது, தேநீர் நிறத்தில். பொடியிலிருந்து நல்ல ருசியெல்லாம் முதலிலேயே இறங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு ஊற்றுகிற தண்ணீர் கசப்பைத்தான் இழுத்துக்கொண்டு வரும். குடித்தால் தண்ணிக் காபி, அதே சமயம் கசப்பு. அப்பா பாதி குடித்துவிட்டு மக்கைத் தள்ளி வைத்தார்.

"எப்படிப்பா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

இந்த "தான்" எங்கள் வீட்டில் என்ன அர்த்தம் என்று உங்களில் பலருக்கு விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் நாள் டிகாஷனைக் குறைத்துப் பாலைக் கூட்டினேன். காபி வாசனையோடு ஒரு மக் பால் கிடைத்தது. மூன்றாம் நாள் கோபத்தோடு ஃபில்டரின் கழுத்து வரைக்கும் பொடியைக் கொட்டிக் குடையால் நன்றாக அழுத்தினேன். நனைந்த பொடி உப்பி, ஓட்டைகளை அடைத்துக்கொண்டது. ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் கீழே நாலு சொட்டு. மேலே தண்ணீர் அப்படியே நின்றது. பையனுக்குப் பள்ளிக்கூட பஸ் வந்துவிட்டது, எனக்கு ஆபீஸ் மீட்டிங். அப்பாவுக்கு இன்ஸ்டன்ட் காபி கலந்து கொடுத்துவிட்டு ஓடினேன். அதற்கும் "நல்லாத்தான் இருக்கு."

அந்த வாரம் பெரிய ஃபில்டர் ஒன்றும் வாங்கினேன். அதிலும் முதலில் சரியாக வரவில்லை. அகலமான பாத்திரத்தில் கொஞ்சம் பொடி போட்டால் அது மெல்லிய படுகையாகப் பரவும். வெந்நீர் நிற்காமல் ஒரே நிமிஷத்தில் கடகடவென்று இறங்கிவிடும். பாத்திரம் பெரிதானால் பொடியும் அதற்கு ஏற்றபடி இருக்க வேண்டும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, அதுவரை பிரிக்காமல் வைத்திருந்த அட்டைப்பெட்டிகளை அப்பாவும் என் மகனும் பேஸ்மென்ட்டில் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு ஒன்பது வயது. தமிழ் புரியும், ஆனால் பதில் ஆங்கிலத்தில்தான் வரும். சமையலறைச் சாமான் பெட்டியிலிருந்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துக்கொண்டு மேலே ஓடி வந்தான். அம்மாவின் காபிப் பொடி பாட்டில். அடியில் வாசனை போன கொஞ்சம் பொடி, அதற்குள் கைப்பிடி வளைந்த ஒரு எவர்சில்வர் ஸ்பூன்.

அந்த ஸ்பூனைப் பார்த்ததும் அம்மா குரல் காதில் கேட்டது. ஒரு தடவை போனில் பேசிக்கொண்டே காபி போட்டுக்கொண்டிருந்தபோது, எனக்காகச் சத்தமாகச் சொல்லியிருக்கிறாள்: "மூணு ஸ்பூன், குமிச்சு." நான் அப்போது வேறு ஏதோ வேலையில் "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன்.

அப்பா கீழிருந்து மெதுவாக ஏறி வந்தார். ஸ்பூனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் பிறகு அவருக்குள் இருந்த எஞ்சினியர் எழுந்துவிட்டார். கேக் செய்ய நான் வைத்திருந்த எடைத் தராசைக் கேட்டார். புதுப் பொடியைக் குமித்து எடுத்து நிறுத்தார். 7 கிராம். மறுபடி நிறுத்தார். 7 கிராம். மூன்று ஸ்பூன், 21 கிராம். ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

அம்மாவின் சின்ன ஃபில்டரில் அந்த மூன்று ஸ்பூனைப் போட்டோம். குடையை அழுத்தாமல் சும்மா மேலே வைத்தோம். கொதித்த தண்ணீரை இறக்கி அரை நிமிஷம் விட்டு, 120 மில்லி ஊற்றினோம். முதலில் பொடி நனைகிற அளவுக்குக் கொஞ்சம், பிறகு மீதி. இருபது நிமிஷத்தில் கீழே 75 மில்லி இறங்கியிருந்தது. "மிச்சம் எங்க போச்சு?" என்று பையன் ஆங்கிலத்தில் கேட்டான். பொடி தன் எடையைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துவிடும் என்று அப்பா அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். 21 கிராம் பொடிக்கு 42 மில்லி. கிட்டத்தட்டச் சரியாக வந்தது. இரண்டு பேருக்கும் அப்படி ஒரு சந்தோஷம்.

பால் பொங்கி வரும்போது இறக்கினேன். மக்கில் வெந்நீர் ஊற்றிச் சூடு பண்ணிக் கொட்டினேன். கனமான பீங்கான் மக், கொஞ்சம் சூட்டை அதுவே வாங்கிக்கொள்ளும். டிகாஷன் முழுவதும், அதன் மேல் 230 மில்லி பால். மக்கில் ஆத்த முடியாது என்பதால் இரண்டு செம்பில் ஆத்தி நுரையோடு ஊற்றினேன்.

அப்பா ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். தன் காகிதத்தைப் பார்த்தார்.

"இது ரெண்டு பேர் காபிம்மா" என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அம்மா காலையில் அந்த ஃபில்டரில் போட்டது இரண்டு சின்ன டம்ளருக்கு. ஒன்று அவருக்கு, ஒன்று அவளுக்கு. இரண்டும் சேர்ந்தால் 300 மில்லி. நான் ஒரு வாரமாகப் புதுசாகக் கண்டுபிடிக்கப் பார்த்த பெரிய கப் காபியின் அளவு அந்தச் சின்ன ஃபில்டரிலேயே இருந்திருக்கிறது. அப்பா வேறு எதுவும் சொல்லவில்லை. மக்கின் அடி வரைக்கும் குடித்தார். நானும் மக்கைக் கழுவுகிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன்.

பெரிய கப் காபி பிடிக்கும், ஆனால் வீட்டில் போட்டால் நீர்த்துப் போகிறது என்கிறவர்களுக்கு நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். டிரிப் மெஷினில் "12 கப்" என்று போட்டிருக்கிறதே, அந்தக் கப் பெரும்பாலும் 5 அவுன்ஸ்தான், சுமார் 150 மில்லி. நம் அம்மாக்களின் டம்ளர் அளவு. நம் கையில் இருக்கிற மக் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். நாம் ஒரு கப்புக்குப் பொடி போட்டு இரண்டரைக் கப் எதிர்பார்க்கிறோம். டிரிப் காபிக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 55 கிராம் பொடி என்பது காபித் தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தாலும் ஒரு மக்குக்கு ஏறக்குறைய 20 கிராம் வரும். ஃபில்டரோ மெஷினோ, ஒரு மக்குக்கு 20 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மக் வேண்டுமானால் சின்ன ஃபில்டரைத் திணிக்காதீர்கள். பெரிய ஃபில்டரில் 40 கிராம் பொடி, 230 மில்லி வெந்நீர். படுகை ஆழமாவதால் பொடியைக் கொஞ்சம் கரகரப்பாக அரைத்தால் அடைக்காது. பாலில் 2 சதவீதப் பால் போதாது, ஹோல் மில்க்தான் சரி. காஃபீனைக் குறைக்க வேண்டியவர்கள் சிக்கரி கலந்த பொடி வாங்கலாம், சிக்கரியில் காஃபீன் கிடையாது. நாங்கள் அப்பாவுக்கு 70க்கு 30 வாங்குகிறோம். இறங்கின டிகாஷனை மட்டும் அடுப்பில் வைத்துக் கொதிக்க விடாதீர்கள். கசந்துவிடும்.

நான் எதிர்பார்க்காத இன்னொன்றும் நடந்தது. நாலு மடக்கில் முடிகிற காபி இப்போது அரை மணி நேரம் எடுக்கிறது. அந்த அரை மணி நேரமும் அப்பா அறைக்குப் போவதில்லை, சமையலறை மேஜையிலேயே இருக்கிறார். எதிரில் பையன் சீரியல் சாப்பிடுகிறான். முதலில் காபிக் கணக்குப் பேசினார்கள், பிறகு பாலம் கட்டுகிற கணக்கு, பிறகு பாட்டியைப் பற்றி. அம்மா போனதிலிருந்து அவள் பேரை எடுக்காமலே இருந்த மனுஷர், அவனிடம் மட்டும் சொல்கிறார். மாயவரத்தில் கல்யாணமாகி நேராக நியூ ஜெர்ஸிப் பனியில் வந்து இறங்கிய அம்மா, பெட்டியில் புடவைக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்த முதல் சாமான் இந்த ஃபில்டர் என்று எனக்கே அவர்கள் பேச்சிலிருந்துதான் தெரிந்தது.

தூக்கம் முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில ராத்திரிகளில் ஹால் விளக்கு இன்னும் எரிகிறது. அதற்குக் காபி மட்டும் காரணமில்லை என்று எனக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும்.

போன வாரம் நான் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். அலறி அடித்துக்கொண்டு கீழே வந்தால், ஃபில்டர் இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்டூலில் ஏறி நின்று பையன் பொடி பாட்டிலை மூடிக்கொண்டிருந்தான். அப்பா வெந்நீர்க் கெட்டிலை அவன் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு நின்றார்.

"யார்டா போட்டது?"

"நான்தான்" என்றான், தமிழில். "மூணு ஸ்பூன், குமிச்சு."

உங்கள் அம்மா இருந்தால், அடுத்த தடவை போகும்போது அவள் பொடி பாட்டிலுக்குள் இருக்கும் ஸ்பூனை நிறுத்துப் பாருங்கள். அவள் காபி போடும்போது பக்கத்தில் நின்று, அளவைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஸ்பூன் கிடைத்தது அதிர்ஷ்டம்தான்.