பதக்கம் வாங்கியவரெல்லாம் பயிற்சியாளர் ஆகிவிட முடியுமா?

ஸ்ரீரங்கத்தில் கிளம்பி கொள்ளிடம் பாலம், நம்பர் ஒன் டோல்கேட், மண்ணச்சநல்லூர் வழியாகத் திருவெள்ளறைக்குப் போனால் ஏறக்குறைய 20 கி.மீ. போய்த் திரும்பினால் 40. ஒலிம்பிக் ட்ரையத்லானில் சைக்கிள் ஓட்ட வேண்டிய தூரமும் அதே 40 கி.மீ.தான். அதற்கு முன்னால் 1.5 கி.மீ. நீச்சல், பின்னால் 10 கி.மீ. ஓட்டம்.

அந்த 40 கி.மீட்டரை ஒலிம்பிக் வீரர்கள் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். என் அப்பாவுக்கு மூன்றரை மணி நேரம் ஆகிறது, மண்ணச்சநல்லூரில் டீ குடிப்பதையும் சேர்த்து. அவருக்கு வயது 54, சுகர் உண்டு. தாத்தாவுக்கு சுகரால் கால் விரலை எடுத்த நாளிலிருந்து, செருப்பு கடித்தால்கூட அப்பா பயந்துவிடுவார்.

‘உடற்பயிற்சி கட்டாயம்’ என்று டாக்டர் சொன்னதும் அப்பா முதலில் சேர்ந்தது ஒரு ஜிம்மில். பயிற்சியாளர் இளைஞர். சுவர் முழுக்க அவர் வாங்கிய பதக்கங்கள். தான் செய்யும் பயிற்சியையே கொஞ்சம் குறைத்து எல்லோருக்கும் கொடுத்தார். நான்காம் நாள் அப்பாவுக்கு முழங்கால் வீங்கியது. “வலிச்சாத்தான் சார் பலன்” என்றார். அப்பா அதன்பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

ஆறு மாதம் கழித்து, எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்காவிடம் அப்பாவை அழைத்துப்போனேன். சைக்கிள் பந்தயங்களில் ஓட்டி, பிறகு ட்ரையத்லானுக்கு மாறி, இப்போது ஃபிட்னஸ் பயிற்சியாளராக இருப்பவர். முதல் நாள் அவர் அப்பாவை சைக்கிளில் ஏற்றவே இல்லை. மருந்துச் சீட்டைக் கேட்டார். எத்தனை மணிக்குத் தூக்கம், எப்போது சாப்பாடு, பாதத்தில் மரத்துப்போன உணர்வு உண்டா என்று விசாரித்தார். சுகர் திடீரென இறங்கினால் சாப்பிடுவதற்குப் பையில் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளச் சொன்னார். அதன்பிறகு ஒரே ஒரு விதி: “பேசிக்கிட்டே ஓட்டுங்க சார். பேச்சு நின்னா வேகத்தைக் குறைச்சிடுங்க.”

முதல் மாதம் டோல்கேட் வரைதான். திருவெள்ளறைக்குப் போய்ச் சேர ஐந்து மாதம் ஆனது.

‘போட்டியை விட்டுப் பயிற்சிக்கு வந்ததில் எது கஷ்டம்?’ என்று அக்காவிடம் கேட்டேன். வருமானம் பற்றிச் சொல்வார் என நினைத்தேன். “ரேஸ்ல என் வலி எனக்குத் தெரியும். எவ்வளவு தாங்கலாம்னும் தெரியும். இவங்க வலி எனக்குத் தெரியாது. கேட்டாத்தான் தெரியும். கேக்குறதுக்குப் பழகவே ரெண்டு வருஷம் ஆச்சு” என்றார்.

இந்த இடத்தில் எனக்கு மார்க் ஆலன் நினைவுக்கு வருகிறார். அமெரிக்க ட்ரையத்லான் வீரர். ஹவாய் அயர்ன்மேன் போட்டியில் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். சைக்கிள் பகுதி மட்டுமே, ஸ்ரீரங்கத்திலிருந்து திருவெள்ளறைக்கு நாலரை முறை போய் வருவதற்குச் சமம். அதில் ஆறு முறை இறங்கியும் ஆலனால் ஜெயிக்க முடியவில்லை.

பயிற்சியின்போது இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 155-ஐத் தாண்டக் கூடாது என்று அவருக்குக் கட்டுப்பாடு போட்டவர் ஃபில் மாஃபெடோன். ஐந்தரை நிமிடத்தில் ஒரு மைல் ஓடிப் பழகியவர், அந்தக் கட்டுப்பாட்டுக்குள் ஓடியபோது மைலுக்கு எட்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. பொறுமையாகத் தொடர்ந்தார். பிற்பாடு அதே துடிப்பிலேயே பழைய வேகத்தைத் தாண்டினார். 1989-ல் டேவ் ஸ்காட்டை 58 விநாடி வித்தியாசத்தில் வென்றார். மொத்தம் ஆறு முறை அங்கே சாம்பியன். ஓய்வுக்குப் பின் சாதாரண மனிதர்களுக்கும் பயிற்சி தருபவரானார். மெதுவாகப் போவதை அவரே கற்றுக்கொண்டவர் என்பதால்தான் அது முடிந்தது என்று நினைக்கிறேன்.

நம் நாட்டிலும் இப்படி ஒருவர் உண்டு. புனேயைச் சேர்ந்த கௌஸ்தூப் ரட்கர் நீச்சல் வீரராக இருந்தவர். 20-க்கும் மேற்பட்ட அயர்ன்மேன் போட்டிகளை முடித்தவர், முறையாகச் சான்றிதழும் பெற்றுப் பயிற்சியாளரானவர். போட்டி அனுபவம் இருந்தும் பயிற்சி தரத் தனியாகப் படித்தார் பாருங்கள், கவனிக்க வேண்டியது அதைத்தான்.

திருவெள்ளறையில் பல்லவர் காலத்து ஸ்வஸ்திக் கிணறு இருக்கிறது. வயது சுமார் 1,200 ஆண்டுகள். நான்கு பக்கமும் படி இறங்கும். ஒரு படித்துறையில் இருப்பவர் இன்னொரு படித்துறையில் இருப்பவரைப் பார்க்க முடியாது. ஆனால் தண்ணீர் ஒன்றுதான். அப்பா அதன் பக்கத்தில்தான் சைக்கிளை நிறுத்துவார். “ஜிம்ல பக்கத்துல இருக்குறவனைப் பார்த்துத் தூக்கித்தான் முட்டி போச்சு” என்று சிரிப்பார். அவருடைய மூன்று மாதச் சராசரி சர்க்கரை 8.4-லிருந்து 7.1-க்கு வந்திருக்கிறது. மாத்திரை தொடர்கிறது.

உங்கள் வீட்டிலும் யாராவது ஜிம்மிலோ பயிற்சியாளரிடமோ சேரப் போகிறார்களா? சுவரில் இருக்கும் பதக்கங்களைப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். முறையாகப் படித்திருக்கிறாரா என்று கேளுங்கள். நோய், மருந்து, பழைய காயம் பற்றி அவர் விசாரிக்கிறாரா என்று பாருங்கள். சுகர், பிரஷர், இதய நோய் இருந்தால் டாக்டரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள். சில பிரஷர் மாத்திரைகள் இதயத்துடிப்பைக் குறைத்துவிடும் என்பதால், வாட்ச் காட்டும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. முதல் நாளே எதுவும் கேட்காமல் டம்பெல்லைக் கையில் கொடுத்தால், கட்டிய ஃபீஸ் போனாலும் பரவாயில்லை, வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.