குழாயும் அலையும்

பாலமுனைக் கரையில் ஏறிவரும் கடல்நீர், தோணிகளுக்கிடையேயுள்ள எச்சிறு இடைவெளியிலும் புகுந்துவிடும். மின்காந்த அலையின் இயல்பு அதுவன்று. செவ்வக உலோகக் குழாயொன்றின் அகலத்தைப்போல் இருமடங்கை அலைநீளம் எட்டிவிடின், அவ்வலை உள்ளே முன்னேறாது. வாயிலருகிலேயே நலிந்து மடியும். அதனிற் குறுகிய அலையோ சுவருக்குச் சுவர் தெறித்தவாறு சென்றுகொண்டேயிருக்கும்.

கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் மில்லிமீற்றர் அலைகளுக்கு இத்தகைய குழாய்களைக் கையாண்டார். 1897இல் இங்கிலாந்தின் றேலி பிரபு அவற்றின் கணிதத்தை வகுத்தார். ஆயினும், அக்கால வானொலி நாடியவை நெடிய அலைகள். 300 மீற்றர் அலைக்கு 150 மீற்றரிலும் அகன்ற குழாய் வேண்டும், எவர் அமைப்பார்? குழாய் மறக்கப்பட்டது. 1936இல் அமெரிக்காவிற் சவுத்வேத், பரோ இருவரும் தனித்தனியே அதனை மீட்டனர். பின்னர் ராடாருக்கு அது இன்றியமையாததாயிற்று.

பயன் தோன்றாமையால் ஓருண்மை பொய்யாவதில்லை. தனக்குரிய அலை வரும்வரை அது காத்திருக்கிறது.