வெறும் வயிற்றுக் கணக்கு



நான் இரயில்வே சரக்கு அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா. பள்ளி இறுதி வகுப்புத் தேறியதோடு என் படிப்பு நின்றது. மருத்துவம் அறிந்தவன் அல்லன். ஆயினும், தந்தை என்ற முறையில் நான் செய்த பிழையொன்றை நம் சங்க ஏட்டில் சொல்லிவிட்டால், நாகபுரியிலோ வேறு ஊர்களிலோ வாழும் நம்மவருள் ஒரு குடும்பத்திற்கேனும் பயன்படலாம் என்று கருதியே இதனை எழுதுகின்றேன்.

எங்கள் மூத்த மகனுக்குப் பிறவியிலிருந்தே 'சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ்' என்னும் நோய். தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்து சேர்ந்தால் உண்டாவது அது. நுரையீரலிலும் கணையத்திலும் ஊறும் நீர் பசைபோல் கெட்டியாகி, குழாய்களை அடைத்துக்கொள்ளும். சளி வெளிவர நாள்தோறும் மார்பைத் தட்டுவதும், ஒவ்வொரு வேளை உணவோடும் செரிமான மாத்திரை கொடுப்பதும், நெய்யும் உப்பும் மிகுதியாகச் சேர்ப்பதும் எங்கள் இல்லத்தின் அன்றாட வழக்கம்.

அவனுக்குப் பத்து வயது நிறைந்ததும், அவனைப் பார்த்துவரும் டாக்டர் அம்மையார், "இனி ஆண்டுக்கொரு முறை குளுக்கோஸ் குடிக்கச் செய்து சர்க்கரை பார்க்க வேண்டும்" என்று சீட்டு எழுதித் தந்தார். எனக்கு வியப்பாக இருந்தது. எலும்பும் தோலுமான பிள்ளைக்குச் சர்க்கரை நோயா? மேலும், அச்சோதனைக்கு ஒரு முற்பகல் முழுவதும் காத்திருக்க வேண்டும்; எனக்கோ விடுப்புக் கிடைக்கவில்லை. ஆகவே, அலுவலகம் போகும் வழியில் ஒரு பரிசோதனை நிலையத்தில், வெறும் வயிற்றில் மட்டும் இரத்தம் எடுக்கச் செய்தேன். 90 என்று வந்தது. அடுத்த முறை டாக்டரிடம், "சர்க்கரை பார்த்தாயிற்று, குறையில்லை" என்று சொன்னேனேயன்றிச் சீட்டைக் காட்டவில்லை.

ஓராண்டு சென்றது. இருபத்தைந்தரை கிலோ இருந்த பிள்ளை 24 கிலோ ஆனான். பள்ளி மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்கினான். மிகுந்த தாகமோ, அடிக்கடி சிறுநீர் போதலோ இல்லை. டாக்டர் பழைய சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். கோபிக்கவில்லை, பொறுமையாக விளக்கினார்.

அடைபட்ட கணையம் நாளடைவில் தழும்பேறி, இன்சுலின் சுரக்கும் திசுக்களும் குறைந்துபோகும். எஞ்சிய சிறிதளவு இன்சுலின் வெறும் வயிற்று நிலையைச் சமாளித்துவிடும். உண்ட பின்னரே அதன் குறை வெளிப்படும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையும் இந்நோயில் குறைத்துக் காட்டக்கூடும். இன்சுலின் போதாவிடில் உடலில் தசை பிடிக்காது. எடையும் நுரையீரல் வலிமையும் தேயும். இந்நோயுற்ற இளம்பருவத்தினருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கும், பெரியவர்களுள் 40 முதல் 50 விழுக்காட்டினருக்கும் இவ்வகை நீரிழிவு வருவதாக மேல்நாட்டுக் கணக்குகள் கூறுகின்றன. வெளியில் அறிகுறி தெரியாமலே அது வளரும் என்பதால்தான், பத்து வயதிலிருந்து ஆண்டுதோறும் பார்க்கச் சொல்கிறார்கள்.

காய்ச்சலோ சளித் தொல்லையோ மிகாத ஒரு நாளில் சோதனை நடந்தது. இரவு முதல் எட்டு மணி நேரம் உணவில்லை. காலையில் முதல் இரத்தம் எடுத்தனர். பின்பு, கிலோவுக்கு 1.75 கிராம் வீதம் 42 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்தார்கள்; எத்துணை எடையிருப்பினும் 75 கிராமுக்கு மேல் கொடுப்பதில்லை. இரண்டு மணி நேரம் இருவரும் விசிப்பலகையில் அமர்ந்திருந்தோம். "அப்பா, இந்தச் சர்க்கரைத் தண்ணீருக்காகவா ஒரு வருஷம் தள்ளிப் போட்டீர்கள்?" என்று கேட்டான். என்னிடம் விடையில்லை.

வெறும் வயிற்றில் 92. இரண்டு மணி நேரத்திற்குப் பின் 216. இரண்டாவது எண் 140-க்குள் இருக்க வேண்டும்; 200-ஐ எட்டினால் நீரிழிவு. உறுதி செய்வதற்காக மற்றொரு நாள் மீண்டும் பார்த்தபோதும் 208 வந்தது.

செய்தி கேட்டதும் என் தாயார் வெல்லத்தையும் நெய்யையும் பரணில் ஏற்றிவிட்டார்; பேரனுக்குச் சோற்றின் அளவையும் குறைத்தார். பாட்டியின் அன்பு அது. ஆனால் டாக்டர் அதைக் கேட்டுப் பதறினார். "மற்றவர்களின் சர்க்கரை நோய் வேறு, இவனுடையது வேறு. இவனுக்கு உணவைக் குறைத்தால் உயிருக்கே கேடு. வயிறார உண்ணட்டும், அதற்கேற்ப இன்சுலின் போட்டுக்கொள்ளட்டும்" என்றார். நெய்க்கிண்ணம் அன்று மாலையே பரணிலிருந்து இறங்கியது. முதல் ஊசியைப் போட்டவள் என் மனைவி. எனக்குக் கை நடுங்கிற்று.

ஆறு மாதங்களில் மகன் 27 கிலோ ஆகிவிட்டான். பழையபடி மாடிப்படி ஏறுகின்றான். போன ஓராண்டை மட்டும் என்னால் அவனுக்குத் திருப்பித் தர இயலாது.

இந்நோயுள்ள பிள்ளையை வளர்க்கும் பெற்றோர் நம்முள் எவரேனும் இருப்பின், அவர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: பிள்ளைக்குப் பத்து வயதானதும் ஆண்டுதோறும் ஒரு முற்பகல் விடுப்பு எடுங்கள். வெறும் வயிற்றுக் கணக்கை மட்டும் பார்த்து வீடு திரும்பாதீர்கள். அந்த இரண்டு மணி நேரமும் பிள்ளையோடு உட்கார்ந்திருங்கள்.